மிதுனாவின் காதில் இருந்தவர்

"இன்னிக்குச் செத்தீங்களாப்பா?"

மஞ்சள் மண்டியிலிருந்து வந்து இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. மிதுனா வாசலிலேயே என்னை மறித்து, வலது காதை என் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு கேட்டாள். என் சட்டையில் இருந்த மஞ்சள் தூள் அவள் கன்னத்தில் ஒட்டியது. முன்பெல்லாம் அந்தத் தூள் பட்டுவிட்டால் தோல் உரியும்வரை தேய்த்துக்கொள்வாள். அன்று துடைக்கக்கூட இல்லை.

"இல்ல சாமி. நல்லாத்தான் இருக்கறேன்."

"சத்தம் வருது," என்றாள். விரல்களை மடக்கி முப்பது வரை எண்ணினாள். பிறகு என்னை விட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எட்டு நாளாக இப்படித்தான்.

கேள்வியைவிட அந்தக் கைகள்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தன. என் மகளுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்து அவள் கைகள் சும்மா இருந்ததில்லை. சந்தோஷம் வந்தால் உதறும், பயம் வந்தால் உதறும். மின்விசிறி சுற்ற ஆரம்பித்தால் அதோடு சேர்ந்து 'ஊ' என்று ஒரு ராகம் இழுப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த ராகத்தை வைத்தே கரண்ட் வந்துவிட்டதைத் தெரிந்துகொள்வார்கள். இப்போது உதறலும் இல்லை, ராகமும் இல்லை. வீட்டில் யாரோ ஒரு பெரிய மனுஷி வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"டீச்சர் இன்னிக்கும் போன் பண்ணுனாங்க," என்றாள் என் மனைவி துளசிமணி. "நாலு மணி நேரம் அசையாம உக்காந்திருந்தாளாமா. தங்கமான புள்ளைன்னாங்க."

சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

மிதுனாவுக்கு ஆட்டிசம் என்று நாலு வயதில் பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் வகுப்புவரை பெரிய தொந்தரவு இல்லை. வசந்தாமணி என்று ஒரு அக்கா வகுப்பில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மணி அடிக்கும் முன்னால் காதைப் பொத்திவிடுவார். அவள் எழுந்து ஓடினால் பின்னாலேயே ஓடுவார். மூன்றாம் வகுப்பு திறந்த அன்று போனால் அந்த அக்கா இல்லை. அவர் உட்காரும் நாற்காலிகூட இல்லை. அதற்குப் பதிலாக, சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை ஹேமலதா டீச்சர் என் முன்னால் வைத்தார். எங்கள் பள்ளிக்கூடத்தோடு இன்னும் இரண்டு பள்ளிக்கூடத்துச் சிறப்புக் குழந்தைகளையும் அவர் ஒருத்தரேதான் பார்த்துக்கொள்கிறார். எப்போது பார்த்தாலும் பஸ் பிடிக்க ஓடுகிற ஆள்போல் இருப்பார்.

"இது துணைக்குரல்ங்க," என்றார். "இருபத்தொரு நாள் உங்க வீட்டுல இருக்கும். பாப்பாகிட்ட நீங்க எப்படிப் பேசறீங்க, அழுதா என்ன சொல்றீங்க, எதைச் சொன்னா கேக்கறா, எல்லாத்தையும் கேட்டுக் கத்துக்கும். அப்பறம் வகுப்புல பாப்பா காதுல உங்க குரல்லயே பேசும்."

"என்ற குரல்லயேங்களா?"

"ஆமாங்க. மணி அடிக்கப்போகுதுன்னா முன்னாடியே சொல்லும். பயந்தா சமாதானம் பண்ணும். நீங்களே பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி."

"நான் சொல்லாததையும் சொல்லுமுங்களா டீச்சர்?"

"நீங்க சொன்னதை வெச்சுத்தான் பேசும் மாரப்பன்."

"அந்த வசந்தாமணி அக்காவையே மறுபடியும் போடச் சொன்னா..."

"அந்த வேலையையே எடுத்துட்டாங்க. இது வந்தப்பறம் ஆள் எதுக்குன்னு கேக்கறாங்க." குரலைத் தாழ்த்தினார். "இது வேண்டாம்னா பாப்பா வீட்டுல இருந்துதான் படிக்கணும். துணைக்குரல் இல்லாம வகுப்புல உக்கார விதி இல்ல. வகுப்புக்குள்ள பெத்தவங்களும் இருக்கக் கூடாது, மத்த குழந்தைகளோட பாதுகாப்புக்கு."

வீட்டில் யார் இருப்பது? நான் மூட்டை தூக்குகிறவன். துளசி சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறாள். டீச்சர் ஒப்புதல் பாரத்தைக் கையில் கொடுத்தார். பதினோரு பக்கம். நான் எழுத்துக் கூட்டப் படித்ததே மகள் பிறந்த வருஷம்தான், எங்கள் தொழிலாளர் சங்க ஆபீசில் நடந்த வகுப்பில். உதடு அசையாமல் எனக்குப் படிக்க வராது. முதல் பக்கம் முடிந்து இரண்டாவது பக்கம் பாதி வந்தபோது டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. படித்தவன்போல மீதிப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் பதினோரு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். மை தடவி விரலை வைக்கவில்லை, பேனா பிடித்துப் போட்டோம் என்று ஒரு பெருமை வேறு.

"யார் சொன்னா பாப்பா கேப்பா? அம்மாவா, அப்பாவா?"

"நான் சொன்னாத்தானுங்க," என்றேன். அதிலும் ஒரு பெருமை.

பெட்டியை மண்டியில் சாப்பிடும்போது எல்லாருக்கும் காட்டினேன். என்னோடு மூட்டை தூக்கும் குப்புராஜ் அதைத் தொடவே இல்லை.

"இது சும்மா கேக்கும்னா நெனைக்கறே? புள்ளைய வையறவன், அடிக்கறவன் பேரெல்லாம் மேல போயிருமாமா. அப்பறம் ஒரு வண்டி வந்து புள்ளைய ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. பாத்துப் பேசு."

"யார் சொன்னாங்க?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

அது நிஜமா பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பயம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. விசாரணைக்கு அதிகாரி வந்தால் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் எப்படி இருப்போமோ, அப்படியே இருபத்தொரு நாளும் இருந்தோம். கட்டிலில் புது விரிப்பு. நான் வீட்டுக்குள்ளும் சட்டையோடு இருந்தேன். பேச்சையும் மாற்றிக்கொண்டேன். சங்க வகுப்புப் புத்தகத்தில் வரும் அப்பா எப்படிப் பேசுவாரோ அப்படி.

"மிதுனா கண்ணே, உணவு அருந்தலாமா?" என்றேன் முதல் நாள்.

மிதுனா தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். துளசி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங்க, ரேடியோவுல வேலை கெடச்சிருச்சுங்களா?"

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அவளைப் பார்த்து முறைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

மண்டியில் செய்தி பரவிவிட்டது. "மாரப்பன் சட்டை போட்டுட்டுச் சோறு திங்கறானாமா, பொண்ணு பாக்க வந்திருக்காங்களாட்டம் இருக்குது," என்று குப்புராஜ் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மிதுனா உடைந்து அழுதது அந்த இருபத்தொரு நாளில் மூன்று தடவை. அழுகை என்று சொன்னால் போதாது. தலையைச் சுவரில் மோதுவாள், தொண்டை கிழியக் கத்துவாள். அந்த மாதிரி நேரத்தில் நான் செய்வது ஒன்றுதான். மண்டியிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் ஒரு சின்ன மஞ்சள் மூட்டையை அவள் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பேசமாட்டேன். பாரம் இறங்கினால் எங்களுக்கு உயிர் வரும், அவளுக்குப் பாரம் ஏறினால் உயிர் வரும். கால் மணி நேரத்தில் அடங்கிவிடுவாள்.

ஆனால் பெட்டி இருக்கிறதே. கத்தல் கேட்டால் என்ன எழுதிக்கொள்ளுமோ என்று, மூன்று தடவையும் அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். மடிப் பாரம், மௌனம், எல்லாம் அங்கேதான். பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் குழந்தையே அழாத ஒரு வீடும், சட்டை போட்ட ஒரு அப்பாவும்தான். அதிகாரியை ஏமாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு நிம்மதி.

இருபத்தொரு நாள் முடிந்ததும் மிதுனா காதுக்குமிழ் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். வாசலில் என்னை மறித்துக் கேட்ட அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். துளசி தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாயில் மிதுனாவின் முகம் சுருங்கியது. சத்தம் வரவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

"என்ன கண்ணு? வாயைத் தொற."

திறக்கவில்லை. துளசி தாடையைப் பிடித்துத் திறந்தாள். உடனே என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்தில் நான் தட்டைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

கன்னத்தின் உள்பக்கம் இரண்டு புறமும் கடித்துக் கடித்துச் சதை நைந்து கிடந்தது. பழைய புண், அதன்மேல் புதுப் புண். தயிரில் ரத்தம் கலந்திருந்தது.

"எதுக்கு சாமி கடிச்சே?"

"சத்தம் வெளிய வராம இருக்கறதுக்கு."

"வந்தா என்ன?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். கைகளை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் மண்டிக்குப் போகவில்லை. மிதுனாவை வகுப்பில் விட்டுவிட்டு நானும் துளசியும் டீச்சர் அறைக்குப் போனோம். காதில் அது என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும் என்றேன்.

"அதை நாங்களே கேக்கக் கூடாதுங்க," என்றார் டீச்சர். "பாப்பாவோட அந்தரங்கம். நல்லாத்தானே இருக்கறா? போன வாரம் மேலதிகாரிங்க வந்து பாத்துட்டு, மாவட்டத்துக்கே மாதிரிக் குழந்தைன்னு போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காங்க."

துளசி யாரிடமும் குரலை உயர்த்தாதவள். அன்றும் உயர்த்தவில்லை.

"எங்க புள்ள வாய்க்குள்ள ரத்தம் வருதுங்க டீச்சர். அதையும் அந்தரங்கம்னு விட்டறலாமுங்களா?"

டீச்சர் எங்கள் இருவரையும் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மேசையில் இருந்த திரையில் எதையோ தேடி எடுத்து, ஒரு காதுக்குமிழை என்னிடம் நீட்டினார். இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

முதலில் வகுப்புச் சத்தம். நாற்காலிகள், பிள்ளைகள். பிறகு நான்.

"மிதுனா கண்ணே, இன்னும் ஐந்து நிமிடத்தில் மணி அடிக்கும்."

என் குரல்தான். சட்டை போட்ட குரல். கேட்கவே கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. பிள்ளைகள் இரைந்தார்கள். அந்த இரைச்சலுக்கு அடியில் மிதுனாவின் 'ஊ' மெதுவாகக் கிளம்பியது.

"அமைதியாக இரு கண்ணே," என்றேன் நான். "பொறுமையாக இரு கண்ணே."

ராகம் ஏறிக்கொண்டே போனது. இதோ கத்தப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது குரல் மாறியது. கரகரத்த குரல். சட்டை இல்லாத குரல்.

"கத்தாத சாமி. நீ கத்துனீன்னா அப்பா செத்துருவேன்."

ராகம் வெட்டிப் போட்டதுபோல் நின்றது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"நல்லது கண்ணே," என்றது சட்டை போட்ட குரல்.

காதிலிருந்து எடுத்துவிட்டேன். மொச்சைக்கொட்டை அளவுதான் இருந்தது அது. துளசி அதை வாங்கிக் காதில் வைத்தாள். டீச்சர் மறுபடி ஓடவிட்டார். துளசி கேட்டு முடிக்கும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை தடவைங்க இதைச் சொல்லியிருக்குது?" என்று கேட்டேன்.

டீச்சர் திரையைப் பார்த்தார். அவருடைய உதடும் அசைந்தது. "பதினாறு நாள்ல இருநூத்து அறுபத்து மூணு."

"இது நான் சொன்னதில்லீங்க."

"தனக்குத் தெரியாத எடத்துல வேற வீட்டுப் பதிவுல இருந்து எடுத்துக்கும்னு பாரத்துல ஒரு வரி இருக்குதுங்க. நீங்க கையெழுத்துப் போட்டதுல..."

"அப்படிச் சொல்லுங்க!" எனக்கு மூச்சு வந்தது. "எவனோ ஒருத்தன். பெத்த புள்ளைகிட்ட இப்படிச் சொல்ற நாய் எவனோ. குடிகாரனா இருப்பான். அவன் பேச்சை என்ற குரல்ல என்ற மக காதுல..."

முகம் தெரியாத அந்த அப்பனை வாய்க்கு வந்தபடி வைதேன். டீச்சர் தடுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் மெதுவாகச் சொன்னார்.

"இது வேற வீடு இல்லீங்க மாரப்பன். உங்க வீடுதான். ஒன்பதாம் நாள், சாயந்திரம் ஆறு நாப்பது."

ஓடவிட்டார். எங்கோ தூரத்தில் கேட்டது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கி. தொட்டியில் விழும் தண்ணீர். மிதுனாவின் கத்தல். அதற்கு நடுவில் ஒரு ஆண்பிள்ளை அழும் குரல், அந்த வார்த்தைகளோடு.

"எனக்கு ஞாபகமே இல்லீங்க," என்றேன். சத்தியமாக இல்லை.

"எனக்கு இருக்குதுங்க," என்றாள் துளசி. என்னைப் பார்க்காமல் பேசினாள். "அன்னிக்கு ரெண்டு லாரி எறக்கிட்டு வந்தீங்க. தெருவுல ரேடியோ செட்டு கட்டியிருந்தாங்க. ஒரு மணி நேரமாக் கத்துனா. மூட்டைய மடியில வெச்சும் நிக்கல. நீங்களும் அழுதுட்டே சொன்னீங்க. நான் கதவோரம் நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். தப்புன்னு எனக்கும் தோணலீங்க. உடனே நின்னுட்டா. அப்பாடான்னுதான் இருந்துச்சு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தார்.

"இருபத்தொரு நாள்ல பாப்பா அழுது அதுக்குக் கேட்டது அந்த ஒரு தடவைதானுங்க. அதுல பாப்பாவை நிறுத்துனதும் அந்த ஒரு வார்த்தைதான். வேற என்ன செய்யறதுன்னு அதுக்குத் தெரியாது. நீங்க வேற என்னதான் செய்வீங்க, அழுதா?"

மஞ்சள் மூட்டையைச் சொன்னேன்.

"அதுல சத்தம் வராதுங்களே," என்றார்.

அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன். முடியாதாம். எடுத்தால் மொத்தக் குரலையும் எடுக்க வேண்டும். புதிதாக இருபத்தொரு நாள் பதிய வேண்டும். அதுவரை அவளுக்கு வகுப்பில் இடம் இல்லை. அதற்குள் இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடவும் கூடும்.

"அழிச்சிருங்க," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"அழிச்சிருங்க டீச்சர்."

திங்கள் காலைக்குள் அழித்துவிடுவதாகச் சொன்னார். அன்றைக்கே புதுப் பெட்டியும் தருகிறேன் என்றார். வாசல்வரை வந்தவர், "பாப்பாகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்," என்றார்.

மிதுனாவின் காதுக்குமிழை அவளிடமே விட்டோம், பிடுங்கினால் தாங்கமாட்டாள் என்று. பள்ளிக்கூடத்துக்கு வெளியே அது பேசாது. அன்று சாயந்திரமே சொன்னேன். அது பொய் சாமி, நீ கத்துனா அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. மிதுனா கேட்டுக்கொண்டாள். "அப்பா பொய் சொல்ல மாட்டீங்க," என்றாள். பொய் சொன்னேன் என்று சொன்னேன். "அப்ப இதுவும் பொய்யா?" என்று கேட்டாள்.

சொல்லிப் புரியவைக்க முடியாது. காட்டத்தான் வேண்டும்.

ஞாயிறன்று மண்டிக்கு லீவு. காவல்காரரிடம் சொல்லிவிட்டு அவளைக் குடோனுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு அடுக்கிய மூட்டைகள். எவ்வளவு கத்தினாலும் மூட்டைகள் குடித்துவிடும், எதிரொலி வராது. எதிரொலி அவளுக்கு ஆகாது.

"இங்க கத்து சாமி. அப்பா உன் முன்னாடியே நிக்கறேன். பாரு, ஒண்ணும் ஆகாது."

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கத்து கண்ணு."

தலையை ஆட்டினாள். பின்னால் நகர்ந்தாள். நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். பெற்ற மகளிடம் இப்படிக் கெஞ்சும் அப்பன் உலகத்தில் இருக்கமாட்டான். எல்லாரும் கத்தாதே என்று கெஞ்சுவார்கள். நான் கத்து கத்து என்று கெஞ்சினேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கைகளுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"நீங்க செத்துட்டா யாருப்பா என்னைக் கூட்டிட்டுப் போவாங்க?"

"சாகமாட்டேன். சின்னதா ஒரு சத்தம் போடு. கொசு மாதிரி."

ரொம்ப நேரம் கழித்து 'ஊ' என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பயந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கறனா?"

தலையசைத்தாள். அடுத்தது கொஞ்சம் பெரிது. என் கையைக் கிள்ளிப் பார்த்தாள். அடுத்தது இன்னும் பெரிது. அப்புறம் திறந்துகொண்டது. இத்தனை நாளும் கன்னத்துக்குள் கடித்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. கத்தினாள். மூட்டைகளுக்கு நடுவே ஓடி ஓடிக் கத்தினாள். காவல்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, நான் கைகாட்டியதும் போனார். அவள் தொண்டை கம்மும்வரை நான் அசையாமல் நின்றேன், எல்லாப் பக்கத்திலிருந்தும் அவளுக்குத் தெரிகிற மாதிரி.

முடிந்ததும் வந்து என் முன்னால் நின்றாள். கைகள் இரண்டும் உதறின. நான் அழுதேன். துளசியிடம் சொன்னபோது அவளும் அழுதாள்.

புதுப் பெட்டியை வாங்கத் திங்கள் காலை மூவரும் போனோம். வகுப்பு தொடங்க நேரம் இருந்தது. மிதுனா நேராகத் தன் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். டீச்சர் புதுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் பேசத் தொடங்கினார். நான் கேட்டுக்கொண்டே மகளைப் பார்த்தேன். அவள் பையிலிருந்து காதுக்குமிழை எடுத்து மாட்டினாள். தினமும் காலையில் "வணக்கம் கண்ணே" என்று அது சொல்லுமாம். காத்திருந்தாள். கழற்றிக் குலுக்கினாள். அடுத்த காதில் மாட்டினாள். மறுபடி காத்திருந்தாள்.

பிறகு அதை எடுத்துக் கைக்குட்டையில் மடித்து, மேசை நடுவில் வைத்தாள்.

"செத்துட்டாரு," என்றாள்.

நான் பக்கத்தில் போனேன். "யாரு சாமி?"

"அப்பா."

"அப்பா இங்க இருக்கறனே."

"நீங்க இருக்கறீங்க. அவருதான் செத்துட்டாரு. நேத்து நான் கத்துனேன்ல?"

அவள் அழவில்லை. கணக்குச் சரியாக வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். துளசி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மெஷின் சாமி. உள்ள யாரும் இல்ல. டீச்சர் அழிச்சுட்டாங்க."

"எதுக்கு அழிச்சாங்க?"

நான் கைக்குட்டையைப் பிரிக்கக் கை நீட்டினேன், அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் கத்துனதுக்கா?"

"இல்ல கண்ணு. அது... அதுவும் நான்தான். என்ற குரல்தான் அது."

மிதுனா என் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் அப்படி யாரையும் பார்ப்பதில்லை.

"நீங்க மண்டியில இருந்தீங்கப்பா," என்றாள். "அவரு என்கூட இருந்தாரு."

மற்ற பிள்ளைகள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். பைகள் விழும் சத்தம், பெஞ்சு இழுபடும் சத்தம். மிதுனாவின் பார்வை டீச்சர் கையில் இருந்த வெள்ளைப் பெட்டிக்குப் போனது.

"அதுல புது அப்பா வருவாங்களா டீச்சர்?"

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"குடுங்க," என்றாள் மிதுனா. கையை நீட்டினாள். "இவரை நான் பத்திரமாப் பாத்துக்கறேன். வாயே தொறக்கமாட்டேன்."

டீச்சர் பெட்டியைக் கொடுக்கவில்லை. மெதுவாகத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் அந்தப் பெஞ்சைப் பார்த்தேன். எட்டு வயதுப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. ஓரத்தில் ஒரு ஆள் ஒடுங்கி உட்கார இடம் இருந்தது.

"விதி இல்லீங்க மாரப்பன்," என்றார் டீச்சர், நான் கேட்பதற்கு முன்பே. கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் பயம்தான். "தலைமையாசிரியர் வந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"தெரியுமுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முட்டி மேசையில் இடித்தது. முன் பெஞ்சுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என்னை எழுப்ப யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிதுனா தன் புத்தகத்தைத் திறந்து, பாதியை என் பக்கம் நகர்த்தினாள். நான் கேட்டதற்கெல்லாம் தலையசைத்தாள்.

வாயை மட்டும் திறக்கவே இல்லை.